ரிஜெக்ட் அண்ணன் வாங்கிய விமானம்

"…மெட்டீரியல் மாறிப்போச்சுன்னா இன்ஸ்பெக்‌ஷன் முதல்லேர்ந்து பண்ணணும், ஸ்டோர்ஸ். அதான் ரூல். வண்டிய எடு, வூட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு, விமான நிலைய வாசலில் தன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார் ரிஜெக்ட் அண்ணன். உள்ளே அவருக்காக ஒரு விமானம் காத்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா காத்திருந்தார். விமானம் மூன்று மணி நேரத்தில் பொறுமை இழந்து கிளம்பிவிடும். அக்கா முப்பது வருஷமாகக் கிளம்பாதவர்.

கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து, பார்த்து, நல்லது என்றாராம். அன்றைக்கு ரிஜெக்ட் அண்ணன் டியூட்டியில் இருந்திருந்தால் நாம் யாருமே பிறந்திருக்க மாட்டோம். உலகம் இன்றைக்கும் சிவப்பு அட்டையோடு ஒரு மூலையில் கிடந்திருக்கும்.

திருமுடிவாக்கத்தில் பம்பு உதிரி பாகம் செய்யும் பட்டறை ஒன்றில் அவர் தரம் பார்ப்பவர். நான் ஸ்டோர்ஸ். எனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே அவர் வாயால்தான். சரியான சரக்குக்குப் பச்சை அட்டை, சரியில்லாததற்குச் சிவப்பு. இரண்டையும் ஸ்டோர்ஸிலிருந்து கொடுப்பவன் நான். பச்சைக் கட்டு ஒன்று வாங்கினால் அவருக்கு ஒரு வருஷம் ஓடும். சிவப்பு, தீபாவளிக்கு வாங்கும் சரவெடி மாதிரி, பிரித்த வேகத்தில் தீர்ந்துவிடும்.

முதலாளி புதுக் கார் வாங்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பின்கதவில் சிவப்பு அட்டை ஆடியது. கதவு இடுக்கு மேலே மூன்று மில்லிமீட்டர், கீழே நாலு. அதைவிட, மாதா கோயிலில் தன் கல்யாணத்தன்று மோதிரம் மாற்றும்போது, ஃபாதரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, கோட்டுப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து அளந்தவர் அவர். மோதிரம் வட்டமாக இல்லையாம். ஸ்டெல்லா அக்கா இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "மோதிரத்த அளந்தாரு, என்னை அளக்கல. அந்த ஒரு தப்புல வாழ்ந்துட்டோம்" என்பார்.

ஒருமுறை அவசர ஆர்டர். முதலாளியே ஒரு பெட்டிக்குப் பச்சை அட்டையைக் கட்டிவிட்டார். அண்ணன் அதை வெட்டி எடுத்து மேசையில் வைத்தார். "கையெழுத்து இல்லாத அட்டை செல்லாது சார். நாளைக்கு எதுனா ஆச்சுன்னா, போட்டவன் வந்து நிக்கணும்ல" என்றார். முதலாளி பேனாவை எடுத்தார், யோசித்தார், மூடி வைத்தார்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த பொழுதுபோக்கு, வீட்டிலேயே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது. அனகாபுத்தூரில் மாடி அறை. பழைய ஆம்னி பஸ் சீட்டு ஒன்று, லேத் மெஷின் கைப்பிடியில் செய்த கியர், பெரிய டிவி. வீட்டுக்கு மேலே நிஜ விமானங்கள் பத்து நிமிஷத்துக்கு ஒன்றாகப் போகும். அந்தச் சத்தம் வரும்வரை காத்திருந்துதான் இவர் தன் விமானத்தைக் கிளப்புவார். "சவுண்டு நமக்கு ஃப்ரீ" என்பார். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் பயணியாக நான். அக்கா டீ கொண்டுவந்தால் பெல்ட்டைக் கழற்றலாம் என்று அறிவிப்பு வரும். நாற்காலியில் பெல்ட்டே கிடையாது.

இப்படி ஜாலியாகப் பறந்துகொண்டிருந்தவர் தலையில்தான் டிக்கெட் வந்து விழுந்தது. மகள் ஜெனி அயர்லாந்தில் நர்ஸ். போய் நாலு வருஷம் ஆகிறது. திரும்பி வர லீவு கிடைக்கவில்லை. அவளே இரண்டு டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டாள், விசாவும் வந்துவிட்டது. அக்கா அன்றைக்கே நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தார். அண்ணன் டிக்கெட்டை நாலு தடவை படித்தார். எந்த மாடல் விமானம் என்று அதில் போட்டிருந்தது. "இதை வூட்ல ஒருவாட்டி ஓட்டிப் பார்த்துட்டுதான் ஏறுவேன்" என்றார்.

அதில் ஒரு சிக்கல். அந்த விளையாட்டோடு சும்மா வரும் விமானத்தில் பாதி ஸ்விட்ச் வெறும் படம்தான், அழுத்தினால் அசையாது. எல்லா ஸ்விட்சும் வேலை செய்கிற விமானம் வேண்டுமென்றால் ஆட்-ஆன் என்று தனியாக வாங்கவேண்டும். அவர் ஏறப்போகிற மாடலை மூன்று கம்பெனிகள் செய்து விற்றன. கிளம்ப ஒரு மாதம் இருந்தது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்கு அண்ணனைத் தெரியாது.

முதல் விமானத்தைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் மூன்று மணி நேரம் பேசிய வீடியோவை, சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தார். பைலட் அறை பிரமாதம். ஆனால் அதற்குப் பின்னால் ஒன்றுமே செய்யவில்லை, வெறும் குழாய். "ஸ்டெல்லா, நமக்கு இதுல சீட்டே இல்ல" என்றார். சிவப்பு. இரண்டாவதில் சீட்டு, ஜன்னல், ஜன்னல் திரை எல்லாம் உண்டு. கழிவறைக் கதவு திறக்கவில்லை. பதினாலு மணி நேரப் பயணம், சர்க்கரை வியாதிக்காரர். சிவப்பு. மூன்றாவதில் அதுவும் திறந்தது. ஆனால் வாங்கியவன் எவனோ, தரையைத் தொடுகிற நேரத்தில் படம் அரை நொடி நின்றுவிடுவதாக எழுதியிருந்தான். "படம் நிக்கலாம். ப்ளேன் எங்க நிக்கும்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நான் பிளாஸ்டிக் நாற்காலி.

மூன்றுக்கும் பட்டறையின் ஃபாரத்திலேயே ரிப்போர்ட் எழுதி, கம்ப்யூட்டர் ஒயரில் மூன்று சிவப்பு அட்டைகளைத் தொங்கவிட்டார். மூன்று வாரம் போய்விட்டது. ஜெனி வீடியோவில் வந்து, அப்பா பெட்டி கட்டியாச்சா என்று கேட்டால், அவர் விமானத்தின் சக்கரத்தைப் பற்றிப் பேசினார்.

ஒருநாள் சாயந்திரம் அக்கா கரண்டியோடு மாடிக்கு வந்தார். "டாய்லட் கதவு திறக்குதுல்ல? அதையே வாங்கு" என்றார். அண்ணன் வாங்கினார். முப்பது வருஷத்தில் அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே தீர்ப்பு.

மறுநாள் சோதனைப் பயணம். விமானம் கம்பீரமாக எழும்பியது, கடலைப் பார்த்து, வளைந்து திரும்பியது. பயணி வரிசையில் என் பக்கத்தில் அக்கா உட்கார்ந்த இடத்திலேயே குறட்டை விட்டார். மீனம்பாக்கம் ரன்வே டிவியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அண்ணன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கண் இரண்டும் கெட்டியாக மூடியிருந்தது.

விமானம் தானாகவே இறங்கி நின்றது. படம் அரை நொடிகூட நிற்கவில்லை.

"அண்ணா, நீங்க நிஜ ஃப்ளைட்ல போனதே இல்லையா?" என்றேன்.

அவர் திரும்பி, அக்கா தூங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டார். "திருச்சி பஸ்லயே நான் ஜன்னல் பக்கம் உக்கார மாட்டேன், ஸ்டோர்ஸ். அவகிட்ட சொல்லிடாத" என்றார். கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "புள்ளையப் பாக்கணும். அது ஒண்ணுதான் ஓகே. மத்ததெல்லாம் ரிஜெக்ட்" என்றார்.

அக்காவின் குறட்டை நின்று வெகுநேரம் ஆகியிருந்ததை நான் கவனித்தேன். அண்ணன் கவனிக்கவில்லை. குறையைத் தவிர வேறெதையும் கவனிக்கத் தெரியாதவர்.

கிளம்பும் நாள் காலையில் என் வண்டியில்தான் அழைத்துப் போனேன். பல்லாவரம் சிக்னல் வரைக்கும் அண்ணன் செபமாலை உருட்டினார். வாசலில் பெட்டியை இறக்கி வைத்தபோது செல்போனில் தகவல் வந்தது: விமானத்தின் மாடல் மாற்றப்பட்டுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம். அவர் முகத்தில் நான் பார்த்தது வருத்தம் இல்லை. பரீட்சை ஒத்திவைத்துவிட்டார்கள் என்று கேட்டவன் முகம். மெட்டீரியல் மாறிவிட்டது, ரூல்படி முதலிலிருந்து. பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கைப்பையைத் திறந்து, கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்தார். எங்கள் பட்டறை அட்டை. போன வாரம் அவர் கேட்டு, நான்தான் கணக்கில் எழுதாமல் கொடுத்தது. அதை அண்ணனின் சட்டைப் பொத்தானில் கட்டினார்.

"ப்ளேனை விடு. நான் உன்னை செக் பண்ணிட்டேன், நீ ஓகே" என்றார். "பயந்துகினே வா. கண்ணை மூடிக்கோ. ஜன்னல் சீட்ல நான் உக்காந்துக்கறேன்."

அண்ணன் குனிந்து அட்டையைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். பழக்கதோஷம், குறை தேடினார். கிடைத்தது.

"கையெழுத்து இல்லையே" என்றார்.

அக்கா கையை நீட்டினார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி அந்தக் கையில் கொடுத்தார். பொத்தானிலிருந்து அட்டையை அவிழ்த்து, அதையும் கொடுத்தார். பிறகு பெட்டியை விட்டு எழுந்து, திரும்பி நின்று, வைத்து எழுதுவதற்குத் தோதாக முதுகைக் குனிந்து காட்டினார்.