சோறு தின்னும் காட்சி

கிணற்றடிப் பக்கமாக, கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பக்கிரிசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் மருதம்மாள். மருதம்மாளுக்கு எதிரே, இலையின் நுனி காற்றில் மடங்காதபடி பிடித்துக்கொண்டு செல்லாயி. அவர்களுக்குப் பின்னால் லயத்து வரிசைவீடுகளின் ஆட்கள் எல்லோரும் இரண்டு பந்தியாக. பலாமரத்து நிழலில், இருந்த ஒரே நாற்காலியில், செர்டாங் ஊர்க் கடைக்காரர் நாகூர் மீரான். ஜப்பான்காரர்களுக்கு மொழிபெயர்க்கிறவர் என்பதால் நாற்காலி அவருக்கு. உட்காராமல் நின்றவன் அழகேசன் ஒருவன்தான். கைப்பிடியைச் சுற்றி ஓட்டும் கேமராவுக்குப் பின்னால் அவன் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தான்.

"பக்கிரிண்ணே, கேமராவ ஏன் கும்பிடுறீங்க?"

"சோறு போடுற சாமியாச்சே தம்பி."

"இலையப் பாத்துச் சாப்பிடுங்க. நான் இங்க இல்லவே இல்லன்னு நெனச்சுக்கணும்."

"நீ இல்லாம இந்தச் சோறு எப்படி வந்துச்சாம்?"

பந்தி சிரித்தது. அழகேசன் கைப்பிடியை விட்டான்.

சோறு வந்த கதை இதுதான். புதிய ஆட்சியில் தோட்டத்து ஆட்கள் வயிறாரச் சோறு தின்று சிரிப்பதாக ஒரு படம் வேண்டும் என்று ஊரார் தொவான் என்று அழைத்த, சுங்கை பட்டாணியிலிருந்த ஜப்பான் அதிகாரி கட்டளை போட்டிருந்தார். படம் வராவிட்டால் கேமரா பறிமுதல். லயத்தில் அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகிவிட்டது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, இரவிலும் அதேதான். "கிழங்கைத் துருவி இலையில் குவி. படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் போதும்" என்று அதிகாரி சொன்னதாக மீரான் சொன்னபோது அழகேசனுக்கு உச்சந்தலை எரிந்தது.

அவன் எந்தக் கம்பெனிக்கும் கைகட்டி நின்றவனில்லை. ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரையிடம் அந்தக் கேமராவை வாங்கி, சொந்தக் காசில் தோட்டத்தைப் படம் பிடித்தவன். பிடித்ததை முதலில் படத்தில் பிடிபட்டவர்களுக்குப் போட்டுக் காட்டுவான். கள்ளுக்கடை வாசலில் தான் விழுந்துகிடக்கும் இடம் வேண்டாம் என்று பக்கிரிசாமி சொன்னதும், நல்ல காட்சி என்று தெரிந்தும் வெட்டி எறிந்தான். கம்பம் என்ற மலாய்க் கிராமத்தாரின் நிழல் பொம்மையாட்டத்தைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் அவன். ஆட்டுகிறவன் தெரியாமல் ஆட்டம் மட்டும் தெரிய வேண்டும் என்பதை அங்கே கற்றான். பெரிய இடத்துக்காரனைக் கிண்டலடிக்கலாம், இல்லாதவனை அடிக்கக் கூடாது என்பதை மாரியம்மன் கோயில் கூத்துக் கோமாளியிடம் கற்றான். இரண்டையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்காரர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தான்.

"நடிக்கிறது வெளியில தெரியக் கூடாது. பாக்குறவன் நம்பிடணும். அவ்வளவுதான் பாடம்."

அப்படிப்பட்டவன் கிழங்கைச் சோறென்று காட்டுவானா? காகிதம் எடுத்தான். இல்லாததை இருப்பதாகக் காட்ட என் கேமராவுக்குத் தெரியாது. சோறு தின்கிற படத்துக்குச் சோறு வேண்டும். நடிப்பவர்கள் மட்டுமல்ல, லயமே தின்ன வேண்டும். எழுதி அனுப்பிவிட்டான். பதிலுக்குக் கன்னத்தில் அறைதான் வரும் என்று ஊரே எதிர்பார்த்தது. வந்ததோ ஒரு மூட்டை அரிசி.

"இப்படி மொகத்துக்கு நேரா எழுதுறவன் பொய் சொல்ல மாட்டான்னு தொவான் சொல்லிட்டாரு" என்றார் மீரான், தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே.

மூட்டையைக் காப்பதும் பொங்கிப் போடுவதும் செல்லாயி பொறுப்பு.

அந்தக் கும்பிடுக்கு மறுநாள் யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தார்கள். பார்த்து அழுதார்கள்.

"மருதக்கா, ஏன் அழுவுறீங்க? சிரிக்கணும்."

"பச்சமொளகா ஒறைக்குது தம்பி."

"எலையில மொளகாவே இல்லையே."

"அதான் அழுவுறேன்."

சரி, சிரிக்க வைப்போம் என்று, கங்காணியைப் போல் நடந்து காட்டும்படி பக்கிரிசாமியிடம் சொன்னான். அவர் நடந்ததில் இரண்டு பந்தியும் உருண்டு சிரித்தது. ஒருவர் கையும் வாய்க்குப் போகவில்லை.

"சிரிக்கிறீங்க, சாப்பிட மாட்டேங்கிறீங்களே."

"ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா பொறையேறும்லா" என்றாள் மருதம்மாள்.

அடுத்த நாள் சிரிப்பை விட்டார்கள். ஆனால் அவன் கைப்பிடியைத் தொடுவதற்குள் இலைகள் காலி. பசிதான் காரணம் என்று கண்டுபிடித்து, முதலில் வீட்டுக்குள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு பந்திக்கு வரச் சொன்னான். வந்தார்கள். இலைக்கு முன்னால் வரிசையாகக் கொட்டாவி விட்டார்கள். பக்கிரிசாமி உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார்.

அழகேசன் செல்லாயி மீது பாய்ந்தான். "மூட்டை ஏன் இப்படி எளைக்குது?"

"லயமே தின்னணும்னு நீங்கதானண்ணே எழுதுனீங்க."

மருதம்மாள் நடுவில் புகுந்தாள். "ஒரு நாள் சோத்தத் தெனமும் திங்கிற மாதிரி காட்டுறதும் பொய்தான தம்பி?"

அது அவனைச் சுட்டது. நியாயம்தானே? தினமும் தின்றால்தானே தினமும் தின்பதாகக் காட்டலாம்? கோபத்தோடு இரண்டாவது கடிதம் போனது. இரண்டாவது மூட்டை வந்தது. மறுபடியும் அழுகை, கொட்டாவி, கும்பிடு.

அந்த மூட்டையும் தீர்ந்ததென்று செல்லாயி சாக்கை உதறிக் காட்டிய அன்று மீரான் லாரியோடு வந்தார்.

"தம்பி, நீ படம் எடுக்கிறியா, பந்தி நடத்துறியான்னு தொவான் கேக்குறாரு. பதில் இன்னிக்கே வேணுமாம். இல்லன்னா கேமராவ ஏத்திக்கிட்டு வரச் சொல்லிட்டாரு."

அழகேசன் பந்தியைத் திரும்பிப் பார்த்தான். "இத்தன நாள் தொண்ட கிழியச் சொல்லிக்குடுத்தேனே. உங்கள்ல ஒருத்தருக்காவது கடுகளவு நடிப்பு வருதா?"

"எங்களுக்கு எங்கப்பா வரும்" என்று பக்கிரிசாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவு அவன் கோபத்தில் எண்ணெய் ஊற்றியது.

அங்கேயே எழுதினான். இவர்களுக்கு நடிப்பு வரவே வராது. குற்றம் என் கற்பித்தலில்தான். இரண்டு மூட்டையில் ஒரு பருக்கைகூட மீதமில்லை என்று சத்தியமாகச் சொல்கிறேன். இன்னொரு மூட்டையும் படச்சுருளும் அனுப்பினால் அடியிலிருந்து சொல்லிக்கொடுத்து முடிக்கிறேன்.

மீரான் வாசித்தார். "வேற ஒருத்தன் இத எழுதினா கன்னத்துலதான் பதில் வரும். நீ எழுதினா நம்புவாரு. சீக்கிரம் ஒட்டிக் குடு."

உறையில் பசை இல்லை. சிரட்டையில் இருந்த கிழங்குமாவுப் பசையைத் தடவினான். தண்ணீராக ஓடியது, உறை வாயைப் பிளந்தது. மறுபடி தடவினான், மறுபடி பிளந்தது. லாரி ஊதியது.

"ஒரு கடுதாசி ஒட்டக்கூட வக்கில்லாத தோட்டம்" என்று அவன் கத்தியதுதான் தாமதம், செல்லாயி வீட்டுக்குள் ஓடி ஒரு இலைத்துண்டில் எதையோ பிசைந்தபடி கொண்டுவந்து நீட்டினாள். அதை வைத்து அழுத்தினான். உறை கச்சிதமாக மூடிக்கொண்டது. மீரான் அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்து ஏறினார். லாரி கித்தாமரங்களுக்கு இடையே மறைந்தது.

அழகேசன் விரலைத் துடைக்கப் போனான். கட்டைவிரலில் வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் வடித்த சோற்றுப் பருக்கை.

"செல்லாயி, ஒரு பருக்கைகூட இல்லன்னு சத்தியம் பண்ணி எழுதியிருக்கேன். இது ஏது?"

செல்லாயி இலைத்துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "மூட்டையில பாதி எல்லா வீட்டுப் பானையிலயும் இருக்குண்ணே, நாங்க நடிக்கிறத உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்களும் நடிக்க வேண்டி வந்திருக்கும், உங்களுக்குத்தான் அது வராதே."