கில்பர்ட் கட்டிய கோட்டை

ஃபயர்வாலை கில்பர்ட் ஆன் செய்ததும் முதலில் பிரிண்டர் நின்றது.

தொம்மலூரில் அவர் நடத்தியது சின்ன டிராவல் ஏஜென்சி. வாடிக்கையாளர்களின் பாஸ்போர்ட் நகல்கள் அத்தனையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. தெரிந்தவர் ஒருவரின் ஆபீசில் யாரோ இன்டர்நெட் வழியாகப் புகுந்து ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டதாகச் சர்ச் வாசலில் கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஓர் ஆளைக் கூப்பிட்டுச் செய்யலாமே என்றாள் மனைவி ஐரின். வீடியோ பார்த்துத் தானே செய்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

தெரியாத எதையும் உள்ளே விடாதே என்று அவர் போட்ட விதிதான் பிரிண்டரை நிறுத்தியிருந்தது. அதைத் திருத்தினார். பிரிண்டர் ஓடியது, விமான டிக்கெட் போடும் தளம் திறக்கவில்லை. ரோம் போகும் குழு ஒன்றுக்கு அன்றைக்கே டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

டிக்கெட் வேலை பார்க்கும் ரகு வந்து நின்றான். "சார், ரோம் பார்ட்டி லைன்ல இருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

"சொல்ப நேரம் இருக்கச் சொல்லு. சர்வர் டவுன்னு சொல்லு. பொய் இல்ல, நாமதானே டவுன் பண்ணிருக்கோம்."

அந்தத் தளத்துக்கு வழி திறக்கப் போய், இன்டர்நெட் ஒட்டுமொத்தமாகவே போயிற்று. பதற்றத்தில் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தார். மறுபடியும் தப்பு. ஃபயர்வால் அவரையே திருடன் என்று முடிவு கட்டி, வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது.

கடைசியில், வீடியோவில் வந்தவர் காட்டியபடி ஃபயர்வால் பெட்டியின் பின்பக்கத் துளையில் குண்டூசியை விட்டு அழுத்தி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கொண்டுவந்த சாப்பாடு டப்பாவிலேயே ஆறியது.

மாலையில் நிமிர்ந்து பார்த்தபோது ஆபீஸ் அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தது. ரகு டிக்கெட்டுகளை முடித்திருந்தான். விசா வேலை பார்க்கும் பிரிஜெட் பாஸ்போர்ட் நகல்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தாள். கில்பர்ட் அவள் மேஜைக்குப் போனார்.

"எல்லாம் போகுதாம்மா?"

"சூப்பரா போகுது சார்," என்றாள் பிரிஜெட், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இனிமே அதை மட்டும் தொடாதீங்க."

உடனே ஐரினுக்கு போன் போட்டார். ஆபீஸ் இப்போது கோட்டை மாதிரி இருக்கிறது, ஒரு பயல் எட்டிப் பார்க்க முடியாது என்றார். அவர் பேசி முடிக்கும்வரை, மாடியில் பியூட்டி பார்லர் நடத்தும் தீபிகா வாசலிலேயே பொறுமையாகக் காத்திருந்தாள்.

"சார், உங்க லைன் எப்போ சரியாகும்? கஸ்டமர் பாக்கட்டும்னு பாஸ்வேர்டைக் கண்ணாடிக் கதவுல ஒட்டினாலும் ஒட்டினேன், மத்தியானத்துலேருந்து உங்க ஆபீஸ் மொத்தமும் எங்க பார்லர் வைஃபைலதான் ஓடுது."