கொழும்புக்குப் புறப்பட்ட பெட்டி

ஊருக்குப் போகிறவர்கள் ஓர் இனம். ஊருக்குப் போக ஏற்பாடு செய்கிறவர்கள் வேறோர் இனம். இரண்டும் ஒன்று என்று நம்பித்தான் பல பெண்கள் கழுத்தை நீட்டிவிடுகிறார்கள்.

முதல் இனத்தாரை ரயிலடியில் பார்க்கலாம். இட்லிப் பொட்டலமும் வியர்வையுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் இனத்தாரை எந்த ரயிலடியிலும் பார்க்க முடியாது. வீட்டில்தான் பார்க்க வேண்டும்: திறந்த பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு, ஒரு கையில் கம்பளிக் குல்லாயும் மறு கையில் கொசுவத்திச் சுருளுமாக, எதை மேலே வைப்பது என்று ஆபரேஷனுக்கு முந்திய டாக்டரின் முகக்களையோடு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் தெருவில் ஒருவராவது உண்டு. இல்லை என்கிறீர்களா? சரி, அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

திருவனந்தபுரத்தில், கரமனைப் பக்கம், இந்த இனத்தின் கொடியைப் பிடித்திருப்பவர் நெல்லையப்பன். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த அரிசிக் கடையில் கணக்கு எழுதுகிறவர். மகள் லிபி கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரும் மனைவி கௌசல்யாவும் இலங்கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் போய்ச் சேரவில்லை. விமானம் ஏறினால் காலையில் தின்ற தோசை செரிப்பதற்குள் இறக்கிவிடுகிற தூரம்தான்.

கௌசல்யாவின் ஆசை ஒன்றும் பெரிதில்லை. மகள் வைக்கிற, மகளே தண்ணி என்று ஒப்புக்கொள்கிற சாம்பாரை ஒரு நேரம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவள் போனில் சொல்லிச் சொல்லி ஆசை காட்டிய மலை ரயிலில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, அவள் தோளை இடித்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவே. லிபி இரண்டு தடவை அந்த ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாள். இரண்டு தடவையும் அவளுடைய சிநேகிதிகள் சந்தோஷமாகப் போய் வந்தார்கள்.

"இதுதான் கடைசிம்மா," என்றாள் மூன்றாவது தடவை. "அடுத்த மாசம் என்னைப் போலந்துக்கு மாத்துறாங்க. கொழும்புக்கே இந்தப் பாடுன்னா, பனி பெய்யுற ஊருக்கு அப்பா என்னெல்லாம் கட்டுவாருன்னு யோசிச்சுப் பாரு."

கௌசல்யா யோசித்துப் பார்த்தாள். இன்னொரு பெட்டி கண்ணுக்குத் தெரிந்தது.

நெல்லையப்பனைக் குறை சொல்லவும் முடியாது. குறை அந்தத் தீவின் மேல். உள்ளங்கை அகலத்தில் ஒரு நாட்டை வைத்துக்கொண்டு, அதற்குள் கடலும் மலையும் காடும் பொட்டலும் திணித்து வைத்தால் ஒரு பொறுப்பான மனிதன் எந்தச் சட்டையை எடுத்து வைப்பான்? வைகாசியில் தொடங்குகிற இடவப்பாதி மழை தீவின் மேற்கே பெய்கிறது. அப்போது போகக் கூடாது. ஐப்பசி மழையான துலாவர்ஷம் கிழக்கே பெய்கிறது, அப்போதும் கூடாது. நடுவில் இருக்கிற மாதங்களில் இடி. மாசியில் எங்குமே மழை இல்லையாம். போகலாம்தானே? "வெயிலுளா!" என்றார்.

"மழை பெஞ்சா இங்க கடையில குடை கிடைக்கும்ப்பா," என்று லிபி சொல்லிப் பார்த்தாள்.

"அது அவங்க குடை," என்றார் நெல்லையப்பன்.

ஆகவே நம் குடை பெட்டிக்குள் போயிற்று. பின்னாலேயே மலைக்கு ஸ்வெட்டர், கடலுக்குத் தொப்பி, காட்டுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், ஓட்டலில் வெந்நீர் வராவிட்டால் வாளியில் போடுகிற ஹீட்டர், அதற்கு மின்சாரம் எட்டாவிட்டால் நீளமான ஒயர், நனைந்ததைக் காயப்போடக் கொடிக்கயிறு, கயிறு கட்ட இடமில்லாவிட்டால் ஆணி, ஆணி அடிக்கச் சுத்தியல். தேயிலை விளைகிற மலைக்குக் காப்பிப்பொடி. அட்டைப்பூச்சிக்கு உப்பு எடுப்பதா புகையிலை எடுப்பதா என்று கடைத்தெரு முழுக்க அபிப்பிராயம் கேட்டு, கடைசியில் இரண்டையும் எடுத்தார். தேங்காயெண்ணெய் பாட்டில் வந்தபோதுதான் கௌசல்யா வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அங்க தென்னை மரமே கிடையாதாக்கும்?"

"இருக்கும். அந்த எண்ணெய் நம்ம தலைக்குப் பழகணும்லா?"

வெறுமனே எடுத்து வைத்தால் போதுமா? சோதிக்க வேண்டாமா? சித்திரை வெயிலில் ஃபேனை அணைத்துவிட்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்து சோதித்தார். நன்றாகச் சூடு தருகிறது என்று தெரிந்தது. பூட்ஸைச் சோதிக்கப் பொன்முடிக்கு வாடகைக் கார் பிடித்தார். கார் மலையேறி நின்றது. மூடுபனி ஜன்னலில் வந்து ஒட்டியது. கௌசல்யா இறங்கி, புல்லில் நடந்து, ஏலக்காய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் காருக்குள் இடது பூட்ஸை மாட்டி முடித்திருந்தார். வலதை மாட்டுவதற்குள் மழை வந்துவிட்டது. "பாத்தியா? ஒத்திகை பாக்காம இலங்கைக்குப் போயிருந்தா?" என்றார், வெற்றியோடு.

இனி விமான டிக்கெட்டுக்கு வருவோம். மூன்றாவது டிக்கெட் வியாழக்கிழமை அமைந்தது. வியாழன் தெற்கே சூலம். அந்தத் திசைக்கு அன்று புறப்படக் கூடாது. இலங்கை தெற்கா, தென்கிழக்கா என்று மகளின் பள்ளிக்கூட அட்லஸில் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். தென்கிழக்குதான் வந்தது. அதிலும் தெற்கு இருக்கிறதே! ஆனால் பெரியவர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பரஸ்தானம். நாள் சரியில்லை என்றால், முந்திய நல்ல நாளில் பெட்டியை மட்டும் எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பெட்டி புறப்பட்டால் ஆள் புறப்பட்ட கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். வைத்த பெட்டி திரும்ப நம் வீட்டு வாசல் ஏறக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

புதன்கிழமை காலை, நல்ல நேரத்தில், இரண்டு பாஸ்போர்ட்டையும் பெட்டியின் மேல் பையில் வைத்தார்.

"அதையாவது கையில வச்சுக்கிடலாமே," என்றாள் கௌசல்யா.

"முக்கியமான சாமான் உள்ள இருந்தாத்தான் அது பரஸ்தானம். இல்லேன்னா வெறும் சுமை." சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தார். "கொழும்புல நாளைக்கு மழைன்னு போட்டிருக்கான். பாப்போம்."

பாப்போம். கௌசல்யாவுக்குச் சுருக்கென்றது. முந்திய இரண்டு பயணங்களும் இந்த ஒரு சொல்லில்தான் செத்தன. அவர் சாமி விளக்கைத் தூண்டப் போனார். அவள் பெட்டியண்டை சற்று நின்றாள். பிறகு இருவருமாக அதைத் தூக்க முடியாமல் தூக்கி, எதிர்வீட்டு ஸ்வப்னாவின் ஹாலில் இறக்கினார்கள். ஸ்வப்னாவும் அவள் புருஷன் சுதீஷும் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கிற பிள்ளைகள். இந்தச் சடங்கெல்லாம் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

வியாழன் காலை டாக்ஸி வந்தது. எதிர்வீடு பூட்டியிருந்தது.

நெல்லையப்பன் மணியடித்தார். கதவைத் தட்டினார். பிறகு போன் செய்தார்.

"அய்யோ அங்கிளே!" ஸ்வப்னாவின் குரலுக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "ஞங்ஙள் குருவாயூரிலல்லே! சேச்சியோட குழந்தைக்கு இன்னைக்குச் சோறூணு. சாவி ரெண்டும் எங்க கையிலே."

குருவாயூர் எங்கே, கரமனை எங்கே. அங்கே குழந்தைக்கு முதல் சோறு ஊட்டி முடித்து அவர்கள் வந்து சேரும்போது விமானம் கொழும்புக்குப் போய்த் திரும்பியிருக்கும்.

அப்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வருத்தம்தான். ஆனால் அதன் அடியில், பரீட்சை தள்ளிப்போன மாணவனுடையதைப் போல ஒரு குளிர்ச்சி. "ஒரு கணக்குக்கு நல்லதுதான் கேட்டியா," என்றார். "அங்க மழையும் பெய்யுது. அடுத்த மாசம் பாப்போம்."

"சாரே, ஃப்ளைட்டு காத்து நிக்கத்தில்ல," என்றார் டாக்ஸிக்காரர்.

கௌசல்யா தன் தோள்பையைத் திறந்தாள். ஒரு சேலை, லிபிக்கு நார்த்தங்காய் ஊறுகாய், அவற்றின் மேல் ஒரு பாஸ்போர்ட்.

"இது எப்படி இங்க வந்தது?"

"நேத்தே எடுத்துக்கிட்டேன்."

"அப்போ என்னோடது?"

"நீங்கதான் சொன்னீங்களே, முக்கியமான சாமான் உள்ள இருக்கணும்னு. அதான் உங்களோடத நான் தொடல."

டாக்ஸியின் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை இறக்கினாள். "இட்லி மாவு ஃப்ரிட்ஜில இருக்கு. ஞாயித்துக்கிழமையும் ஃப்ளைட் உண்டு. வாருங்க."

"ஏளா, குடை!" என்று கத்தினார் நெல்லையப்பன். அவளிடம் குடை இல்லை. அவரிடமும் இல்லை. இருந்த ஒரே குடை ஸ்வப்னாவின் ஹாலில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்வப்னா வந்து கதவைத் திறந்தாள். "நான் ஆண்ட்டிகிட்ட கேட்டேனே அங்கிள், போறதுக்கு முன்னாடி சாவி தந்துட்டுப் போகட்டான்னு! 'வேண்டா மோளே, பெட்டிக்கு அவசரம் ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னாங்க."

நெல்லையப்பன் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். அப்போது போனில் ஒரு படம் வந்தது. மலை ரயிலின் ஜன்னலோரம் கௌசல்யா. தூறலில் தலை நனைந்திருக்கிறது. மகளின் ஜெர்கின் இவளுக்கு இறுக்கமாக இருக்கிறது. தாயும் மகளும் ஒரே ஜெர்கினுக்குச் சண்டை போட்ட மாதிரி சிரிக்கிறார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "பாத்தியா மோளே," என்றார் ஸ்வப்னாவிடம். "தலை துவட்டத் துண்டு எடுக்காம போயிருக்கா."

ஞாயிற்றுக்கிழமை போனாரா என்கிறீர்களா? அன்று இடி என்று போட்டிருந்தது. பெட்டி இன்னும் எதிர்வீட்டு ஹாலில்தான் இருக்கிறது. ஒரு தடவை புறப்பட்ட பெட்டி வாசல் ஏறக் கூடாதே! ஸ்வப்னா அதன் மேல் துணி விரித்து மணி பிளாண்ட் வைத்திருக்கிறாள். நெல்லையப்பன் தினமும் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார். போலந்து குளிருக்கு எந்தக் கடைக் கம்பளி நல்லது என்று சாலைக் கடைத்தெருவில் விசாரிக்கவும் தொடங்கிவிட்டார்.

நல்லவேளை, நாம் இந்த இனமில்லை என்று மூச்சு விடுகிறீர்கள். சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அட்டைக்கு உப்பா புகையிலையா என்ற இடத்தில், கதையை விட்டுவிட்டு, எதுதான் நல்லது என்று ஒரு கணம் யோசித்தீர்களா இல்லையா?

யோசித்தீர்கள். அப்படியானால் எழுந்துபோய் உங்கள் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதன் பக்கத்தில் இன்னொன்று இருந்ததே, அது இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.