ஏழாம் திருத்தமும் தவசியின் கைபேசியும்

வெண்குடை நாட்டில் மழை குறைவு, மின்சாரம் குறைவு. அரசரின் அன்புக்கு மட்டும் குறைவே இல்லை. அந்த அன்பு பொங்கி வழிந்த ஒரு நாளில், குடிமக்கள் எல்லோருடைய கைபேசிக்கும் ஏழாம் திருத்தம் என்றொரு அப்டேட் வந்து சேர்ந்தது. அதில் 'நலமா' என்று ஒரு செயலி இருந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை அரசர் சார்பில் அது "நலமா?" என்று கேட்கும். மக்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது அல்லவா? அதனால் கைபேசியே "நலம்" என்று பதிலும் அனுப்பிவிடும்.

அன்றிலிருந்து நாட்டில் ஒருவர் கைபேசியிலும் சார்ஜ் நிற்கவில்லை. காலையில் ஒரு மணி நேரம் வரும் மின்சாரத்தில் ஏற்றியதெல்லாம் உச்சிவேளைக்குள் இறங்கிவிடும்.

அஞ்சுகத்துக்கு இது பேரிடியாக வந்தது. அவள் கணவன் தவசி, அரசருக்காகச் சுரங்கப்பாதை வெட்ட வடக்கு மலைக்குப் போயிருந்தான். அங்கே வேலையாட்கள் வீட்டுக்குப் பேச ஞாயிறு மாலை மட்டும்தான் அனுமதி. அந்த நேரத்தில் அவன் போனும் செத்துக் கிடக்கும், இவள் போனும் செத்துக் கிடக்கும். மூன்று ஞாயிறு அவன் குரலைக் கேட்காமலே கழிந்தது.

அரண்மனை சும்மா இருக்கவில்லை. திரையின் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லி ஆணை வந்தது. மக்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு திரிந்தார்கள். படங்களையும் பாட்டுகளையும் அழிக்கச் சொல்லி அடுத்த ஆணை வந்தது. அஞ்சுகம் தன் கல்யாணப் படத்தை அழித்துவிட்டு ஒரு பொழுது சாப்பிடாமல் இருந்தாள். மாலை வரை அணைத்து வைக்கலாம் என்றால், அது அரசருக்கு முகம் திருப்பும் குற்றம் என்று மூன்றாவது ஆணை முந்திக்கொண்டது.

பிறகு குறைதீர் முகாம் போட்டார்கள். மின்கலத் துறைக் கண்காணிப்பாளர் பரிபூரணம் அஞ்சுகத்தின் போனை வாங்கி, எது எவ்வளவு சார்ஜைத் தின்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தார். 'நலமா' என்பதற்கு நேரே எண்பத்தொரு சதவீதம் என்றிருந்தது.

"ஐயா, இதானே எல்லாத்தையும் தின்னுது? இத எடுத்து விட்ருங்களேன்."

"அம்மணி, அது செலவு அன்று, அரசரின் அன்பு. மீதிப் பத்தொன்பதில்தான் தாங்கள் சிக்கனம் காண வேண்டும்."

"அதுல இனி என்னய்யா இருக்கு? எங்க வீட்டுக்காரர் நம்பர் மட்டுந்தான் இருக்கு."

"அதையும் அழித்துப் பாருங்களேன்" என்றார் பரிபூரணம், உண்மையான அக்கறையோடு.

மறுவாரம் எட்டாம் திருத்தம் வந்தது. சதவீதம் காட்டும் அந்தப் பக்கமே அதில் காணாமல் போயிருந்தது. பேட்டரிக் குறை தீர்ந்துவிட்டதாக முரசு அறைந்தார்கள்.

அஞ்சுகம் இதற்கெல்லாம் அசருகிறவள் அல்ல. சந்தையில் இருந்ததிலேயே பெரிய பவர் பேங்க் ஒன்றை வாங்கி, மலைக்குப் போகும் ஆள் மூலம் தவசிக்கு அனுப்பினாள். தனக்கு ஒரு வழி வேண்டுமே! அரிசி மில்லில் போய் உமி அள்ளிப் போட்டாள். அதற்குப் பதிலாக ஞாயிறு மாலை ஜெனரேட்டரில் போனைச் சொருகிக்கொள்ள விட்டார்கள். போன் அடித்தது.

"அஞ்சுகம், சாப்ட்டியா?"

"அத விடுங்க. இருமல் எப்படி இருக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கு. மேல பாறை உதிருது புள்ள. சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க... அந்தப் பவர் பேங்க்க மட்டும் போன்ல இருந்து புடுங்கவே கூடாது. எங்க போனாலும் மடியிலயே இருக்கணும்."

"சரி புள்ள. உன் பேச்ச என்னைக்குத் தட்டியிருக்கேன்?"

செவ்வாய்க்கிழமை சுரங்கம் இடிந்தது. உள்ளே நாற்பத்தொரு பேர். பெண்கள் தலைவிரி கோலமாக ஓடிவந்து மின்கலத் துறை அலுவலக வாசலில் விழுந்தார்கள். பரிபூரணம் நிதானமாக 'நலமா' பதில்கள் ஏறும் பதிவேட்டைப் புரட்டினார்.

"பதற வேண்டாம். தவசி என்பவர் இந்த நிமிடம்கூட நலம் என்கிறார். மற்ற நாற்பதின்மரிடமிருந்து பதில் இல்லை. பதில் இல்லாதவர் உறங்குகிறார் என்பது விதி. ஒருவர் நலமாக இருக்கும்போது, உறங்குபவர்களை எழுப்புவதற்காக மலையைத் தோண்டுவது முறையாகுமா?"

"ஐயோ, அது போன் சொல்லுதுய்யா! அவரு சொல்லல!"

"தங்கள் கணவரைப் பற்றி அவருடைய கைபேசியைவிடத் தாங்கள் அதிகம் அறிவீர்களா, அம்மணி?"

எந்தச் சார்ஜ் நிற்க வேண்டும் என்று ஊரெல்லாம் அலைந்தாளோ, அது எப்போது தீரும் என்று அந்த வாசலிலேயே அஞ்சுகம் காத்துக் கிடந்தாள். புதன் நலம். வியாழன் நலம். தான் வாங்கிக் கொடுத்ததுதான் புருஷன் தலைமேல் பாறையாகக் கிடக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மற்றப் பெண்களுக்கும் புரிந்திருந்தது. யாரும் அவளோடு பேசவில்லை.

ஞாயிறு உச்சிவேளையில் பதில் நின்றது. இரவும் பகலும் விடாமல் நலம் சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்துவது அரசரை அவமதிப்பதாகும் என்பதால், உடனே தோண்ட உத்தரவு பறந்தது. மாலைக்குள் எல்லோரையும் வெளியே எடுத்துவிட்டார்கள். சிலர் வெள்ளிக்கிழமை வரைகூட உயிரோடு இருந்திருக்கிறார்கள் என்று வைத்தியர் சொன்னார். அதைப் பதிவேட்டில் ஏற்ற இடம் இல்லை.

பரிபூரணம் தவசியின் கைபேசியைத் துடைத்து, இரு கைகளாலும் அஞ்சுகத்திடம் நீட்டினார்.

"நல்வாய்ப்பாக இதற்குப் பழுது ஏதும் இல்லை. நாள்தோறும் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். அரசர் கேட்கும்போது பதில் இல்லாமல் போகக் கூடாது."

வெண்குடை நாட்டில் வீட்டுக்கு ஒரு பிளக்தான் அனுமதி. மறுநாள் காலை மின்சாரம் வந்தபோது, இரண்டு போன்களையும் கையில் வைத்துக்கொண்டு அஞ்சுகம் நெடுநேரம் நின்றாள். தவசி செத்துப்போனது அவளைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் அவன் போனை அணையவிட அவளுக்கு மனம் வரவில்லை. அதையே சொருகினாள். உச்சிவேளைக்கு முன்பே அவள் போன் அணைந்தது.

அன்று மாலை அரண்மனைப் பதிவேட்டில் அந்த வீட்டைப் பற்றி இவ்வாறு எழுதினார்கள்: தவசி, நலம். அஞ்சுகம், உறங்குகிறாள்.