மச்சினன் பைக்குக்கு ஆயில் மாற்றிய கதை

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். தொழில் அப்படி. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர்களின் கதவில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. சீலை வெட்டினால், வெட்டிய துண்டை உடனே சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கீழே கிடந்தால் எவனாவது எடுத்து ஒட்டவைத்துவிடுவான். இதையே வருஷக்கணக்காகச் செய்து, வீட்டில் பால் பாக்கெட்டைக்கூட ஓரமெல்லாம் தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். (பால்காரர் இப்போது என்னிடம் பேசுவதில்லை.)

என் மச்சினன் ஜெபராஜ் கப்பலில் வேலை பார்க்கிறான். முதல் சம்பளத்தில் வாங்கிய பைக்கை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான். போன் செய்தால் பைக்கை விசாரித்துவிட்டுத்தான் அக்காவையே விசாரிப்பான்.

அந்தத் தடவை, "அத்தான், சனிக்கிழமை வாரேன். சாயந்திரம் சாயர்புரத்துல பொண்ணு பாக்கணும். என் பைக்லதான் போவேன். ஆயிலை மட்டும் மாத்தி வச்சிருங்க" என்றான்.

'மட்டும்' என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்!

"தெருமுனைலயே மெக்கானிக் கடை இருக்கு. குடுத்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். நீங்க எதுக்கு அதோட மல்லுக்கட்டுதிய?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

கடையில் புது ஆயிலை எடுத்து ஒளித்துவிட்டுப் பழசையே திரும்ப ஊற்றினால்? பக்கத்திலேயே நின்றாலும், டீயைக் கையில் கொடுத்து என் கவனத்தைக் கலைத்துவிட மாட்டார்களா? ஆபீஸில் ஒருத்தர், மேலே உள்ள ஓட்டை வழியாகக் குழாயை விட்டு பம்பால் உறிஞ்சிவிடலாம் என்றார். அடியில் மிச்சம் நின்றால் யாருக்குத் தெரியும்? அதோடு, அவர் எதற்கு வலிய வந்து யோசனை சொல்கிறார் என்பதும் இடித்தது. கடைசியில், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி, தானாக வடியவிடும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். ஈர்ப்பு விசை எவனோடும் கூட்டுச் சேராது அல்லவா?

சனிக்கிழமை காலை, வண்டியைச் சூடாக்கி வாசலில் நிறுத்தி, அடியில் ஒரு பேசினை வைத்தேன். போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பாகக் கொட்டியது. அப்போது பக்கத்து வீட்டு சேவியர் அண்ணாச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். சொந்தமாக மீன்பிடிப் படகு வைத்திருப்பவர்.

"தம்பி, பழைய ஆயிலைக் கொட்டிராதிய. படகுச் சங்கிலிக்குத் தடவ ஆவும்."

எனக்குப் பொறி தட்டியது. பழைய ஆயிலை யாராவது கேட்டு வாங்குவார்களா? எவ்வளவு வடிகிறது என்று அவர் கண்ணில் படக் கூடாது என்று, பேசினும் எஞ்சின் அடியும் மறையும்படி சுற்றிலும் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டேன். சொட்டுச் சத்தம் நின்றதும், அவரையே முறைத்துக்கொண்டு புது ஆயிலை ஊற்றினேன். (அளவுக் குச்சியைப் பார்க்க வேண்டிய நேரத்திலும் அண்ணாச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.) ஆயில் எல்லா இடத்துக்கும் பரவட்டும் என்று வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மியில் சரளைக்கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி சத்தம்.

"ஏலே, நிறுத்துலே!" என்று அண்ணாச்சி கத்தினார்.

என் கவனத்தைத் திருப்பப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அதனால் இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். 'கடக்' என்றது எஞ்சின். அப்புறம் எவ்வளவு உதைத்தும் அது மூச்சு விடவில்லை.

சாக்கை விலக்கினால் பேசின் நிரம்பி, ஆயில் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. வடிந்தது அதில் பாதிதானே இருக்கும்! மீதி எங்கிருந்து வந்தது?

"அண்ணாச்சி, உண்மையைச் சொல்லுங்க. எங்க பேசின்ல என்னத்தக் கொண்டாந்து ஊத்துனிய?"

தெருவே கூடிவிட்டது.

"உங்க வீட்டு பேசின்ல ஆயில் ஊத்துதேன்னு நான் மாதாவுக்கு நேர்ச்சையா வச்சிருக்கேன்?" என்றார் அவர்.

நான் மேலும் ஏதோ சட்டம் பேச வாயெடுத்தேன். அதற்குள் ஸ்டெல்லா, "என்னங்க, சட்டைப் பாக்கெட்ல என்ன கறுப்பா வழியுது?" என்றாள்.

கையை விட்டேன். போல்ட்! சீல் துண்டைப் போடுகிற பழக்கத்தில், கழற்றியதும் பத்திரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடைக்காத ஓட்டை வழியாகப் புது ஆயில் முழுவதும் பேசினுக்குப் போயிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் அந்த போல்ட்டோடு நின்றபோது வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

மத்தியானம் ஜெபராஜ் வந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெட்ரோல் டேங்கைத் தடவிக்கொண்டே நின்றான்.

"பொண்ணு வீட்ல காத்துக்கிட்டு இருப்பாவ. ஏறுலே தம்பி" என்று மீன் ஏற்றுகிற தன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தியவர், நான் குற்றவாளியாக்கிய அதே அண்ணாச்சி. முன்னால் அவரும் மாப்பிள்ளையும். பின்னால் காலி மீன் பெட்டிகளோடு நானும் ஸ்டெல்லாவும்.

பெண் ஷீபா வாசலில் ஆட்டோவைப் பார்த்துவிட்டு, "பைக் எங்க?" என்றாள். பைக்கில்தான் வருவேன் என்று மாப்பிள்ளை முன்பே சொல்லி அனுப்பியிருந்தானாம். அண்ணாச்சி ஒரு சொட்டு விடாமல் கதையைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் காபித் தட்டு ஆடியது. அதுவரை உம்மென்று இருந்த ஜெபராஜும் சிரித்துவிட்டான். கல்யாணம் அங்கேயே முடிவானது.

கல்யாணத்துக்குப் பெண் வீட்டில் எனக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். ஆசையாக விரித்துப் பார்த்தால், பாக்கெட்டின் வாயை அழுத்தமாகத் தைத்து மூடியிருந்தாள் ஷீபா. அதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்படியே ஒரு சட்டை வருகிறது. நானும் வாங்கி, தையல் எங்கேயாவது பிரிந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொள்கிறேன்.