மாமனார் வண்டியின் தண்ணீர் பம்ப்

புது பம்ப்பின் துளைகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"அரை விரல் தள்ளி இருக்கு சார்," என்றார் மெக்கானிக். "டூப்ளிகேட்னா இப்படித்தான். நாப்பது வருஷத்து வண்டி. அசல் பம்ப் வர நாலு மாசம் ஆகும்."

"நாலு மாசமா!" மருமகனான குமாஸ்தா தலையில் கை வைத்தார். "பொருந்தாட்டியும் பரவால்ல, துளையைப் பெருசாக்கி மாட்டிடுங்க."

வாசற்படியில் கையில் ஒரு துணி மூட்டையோடு வந்து நின்ற மாமனார், அதைக் கேட்டதும் மூட்டையோடு உள்ளே திரும்பிப் போனார்.

நாலு நாள் தங்க வந்தவர் அவர். வந்த அன்றே கார் வாசலில் படுத்துவிட்டது. அதை விட்டுவிட்டு ரயிலில் போக மாட்டார்; செத்துப்போன மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வந்த வண்டி. அதனால் ஓர் அறை அவருக்கு, இன்னொன்று மனைவிக்கும் மகள்களுக்கும். குமாஸ்தாவுக்கு ஹால் சோபா. அது அவரைவிடக் குட்டை. மனைவியிடம் தனியாக நாலு வார்த்தை பேச இடமில்லை. மாமனாரின் பெருமூச்சு எல்லா அறையிலும் கேட்டது.

பம்ப் ஏறியது. இன்ஜினைக் கிளப்பியதும், கோணலான பம்ப்போடு முன்னால் துருத்திய ஃபேன், ரேடியேட்டரைக் கிழித்தது.

"ரேடியேட்டர்ல டூப்ளிகேட் இருக்கா?"

"இருக்கு சார். கொஞ்சம் உசரம்."

"மாட்டுங்க."

உயரமான ரேடியேட்டரின் மேல் பானெட் மூடவில்லை. வேறு பானெட் வந்தது. அதற்குப் பூட்டு சேரவில்லை. கயிற்றால் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். தெருமுனையில் கயிறு அவிழ்ந்து, பானெட் எழும்பி, முன் கண்ணாடி சுக்குநூறாகியது.

ஐந்து வாரம் ஓடிவிட்டது.

"எங்கப்பாவ விரட்ட இவ்வளவு அவசரமா?" என்று மனைவி அடுப்படியில் கிசுகிசுத்தாள். "அவருக்குத் தெரிஞ்சா உயிரையே விட்டுடுவார்."

குமாஸ்தாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. நேராக மாமனாரின் அறைக்குப் போனார்.

"மாமா, மன்னிச்சிடுங்க. நல்லா இருந்த வண்டியை நான்தான் கெடுத்துட்டேன்."

மாமனார் கட்டிலடியிலிருந்து துணி மூட்டையை இழுத்துப் பிரித்தார். உள்ளே எண்ணெய் மினுக்கோடு ஒரு பம்ப்.

"அசல். எப்பவும் டிக்கில ஒண்ணு வச்சிருப்பேன். அந்தக் காலி வீட்டுக்குத் திரும்பிப் போக மனசில்லாம ரெண்டு நாள் ஒளிச்சு வச்சேன். மூணாம் நாள் மனசு உறுத்திச்சு. கொடுத்துடலாம்னு வாசலுக்கு வந்தா, பொருந்தாததைத்தான் மாட்டணும்னு நீங்க ஒத்தக்கால்ல நிக்கறீங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைப் போகவிடாம இருக்க இத்தனை பாடுபடற மருமகன் யாருக்குக் கிடைப்பான்? அதான், போன வாரமே என் வீட்டை வாடகைக்கு விட்டுட்டேன் மாப்பிள்ளை."