நரம்புக்கு நான் வைத்த பெயர்

தமிழ் சுத்தமாகத் தெரியாதவனுக்கு ஆபத்தில்லை. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் மாட்டிக்கொள்வான். புனேயில் பிறந்து, வெளியில் மராத்தியிலும் இந்தியிலும் சமாளித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்த நான் இரண்டாவது ரகம்.

பிரிசில்லாவைக் கட்டிக்கொள்ள நான் தயார், அவளும் தயார். புனேயிலேயே ஔந்து பகுதியில் இருந்த அவள் அப்பா, பாளையங்கோட்டைக்காரர், ஒரே நிபந்தனை போட்டார்: மாப்பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். (அவர் மகளுக்கு 'அ' கூடத் தெரியாது. அதை யார் அவரிடம் கேட்பது?)

எனக்குப் புனேக்கு வெளியே சாக்கணில் கார் ஆலை வேலை. நிக்டியில் என் வீட்டுக்கு வந்து சேரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பேன். அந்த மிச்ச உயிரில் ஓர் இலவச மென்பொருளுக்கு உழைத்துக்கொண்டிருந்தேன். மூளை நரம்புகள் ஒன்றையொன்று தூண்டி எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்பதைக் கணினியில் நடத்திக் காட்டும் அது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். அதன் திரையைத் தமிழாக்கிக் காட்டினால் அங்கிள் அசந்துவிடுவார் என்று நினைத்தேன்.

நரம்பு ஒருமுறை துடித்ததும் கொஞ்சம் ரிலாக்ஸ் ஆகும். அதற்கு என்ன தமிழ்? ஊருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'நரம்புத் தளர்ச்சி' என்று பார்த்தது ஞாபகம் வந்தது. அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தார்களே, நல்ல தமிழாகத்தான் இருக்கும்! தூண்டுதலுக்கு அகராதியில் கிடைத்தது 'கிளர்ச்சி'.

ஞாயிறு ஆராதனை முடிந்து, கண் செருக, லேப்டாப்போடு போனேன். அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சர்ச்சில் வேதபாடம் வாசிக்கும் குரலில் வாசித்தார்.

"நரம்புத் தளர்ச்சி நேரம்... கிளர்ச்சி போதவில்லை..."

காபி கொண்டுவந்த ஆன்ட்டி அப்படியே சமையலறைக்குத் திரும்பினார். பிரிசில்லா ஒன்றும் புரியாமல் பெருமையாகச் சிரித்தாள்.

அங்கிள் என்னைப் பால்கனிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"தம்பி, இது யாருக்கு?"

"யாருக்கு வேணா அங்கிள், ஃப்ரீதான். நானே ரெண்டு வருஷமா யூஸ் பண்றேன்."

"ரெண்டு வருஷமாவா? சரியாயிட்டா?"

"எங்க அங்கிள்! ஒண்ணு சரி பண்ணா இன்னொண்ணு வருது. ஆனா உலகம் பூரா நிறைய பேர் பாக்கறாங்க, ஐடியா சொல்றாங்க."

அவர் என் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தையே பார்த்தார்.

"பிரிசில்லாவுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம் அவளும் ஹெல்ப் பண்றேன்னு சொல்லியிருக்கா."

அங்கிள் என் தோளைத் தொட்டார். "மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்கே உங்கள மதிக்கேன். ஆனா பொண்ணு தர முடியாது தம்பி."

நிக்டி வரை பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அழுவது பெரிய களைப்பு. நடந்ததை நான் சொல்ல, என் அம்மா ஆன்ட்டிக்குப் போன் போட்டு விளக்கவே ஒரு வாரம் ஆனது. அம்மா சிரித்து முடித்தால்தானே பேச முடியும்?

கல்யாணமாகி எட்டு வருடம், இரண்டு பிள்ளைகள். ஆனாலும் மாமாவாகிவிட்ட அங்கிள் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் எல்லோருக்கும் அல்வா, எனக்கு மட்டும் கூடவே ஒரு டப்பா லேகியம்.

"எதுக்கு மாமா இது?"

"தமிழ்தான் தப்புன்னு சொன்னாங்க மாப்பிள்ளை. இருந்தாலும் வேலைக்குப் போயிட்டு நீங்க படியேறி வாறத நான் பாக்கேம்லா."

நான் சோபாவில் சாய்ந்தால் போதும், வீட்டில் யாராவது ஸ்பூன் எடுக்க ஓடுவார்கள். மறுத்துப் பேசவும் தெம்பில்லாத நாட்களில், பேசாமல் வாயைத் திறந்துவிடுகிறேன்.